தாத்தா பிறந்தது எந்த ஆண்டு? முன்னோரைத் தேடும்போது ஆவணங்கள் முரண்பட்டால்

என் தாத்தாவுக்கு இரண்டு பிறந்த ஆண்டுகள். பள்ளிச் சான்றிதழில் 1921. வேலை பார்த்த இடத்தின் பணிப் பதிவேட்டில் 1921. மரணச் சான்றிதழில் உள்ள வயதைக் கழித்துப் பார்த்தாலும் 1921தான். ஆனால் அவருடைய அப்பா வரவு செலவு எழுதிவந்த பழைய நோட்டு ஒன்றின் கடைசிப் பக்கத்தில், பிள்ளைகள் பிறந்த நாள்களை வரிசையாகக் குறித்து வைத்திருந்தார். அதில் 1919.

மூன்றுக்கு ஒன்று. வம்சாவளி தேடத் தொடங்கிய புதிதில் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். ஓட்டு எண்ணினேன். 1921 வென்றது. முத்திரை குத்திய காகிதங்கள் மூன்று ஒரு பக்கம், எண்ணெய்க் கறை படிந்த நோட்டு ஒன்று மறுபக்கம். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று குடும்ப மரத்தில் 1921 என்று எழுதிவிட்டு அடுத்த தலைமுறைக்குப் போய்விட்டேன்.

தவறு எங்கே என்று புரிய வெகுநாள் ஆயிற்று. பணிப் பதிவேட்டை மறுபடி பார்த்தபோது, பிறந்த தேதிக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் ‘பள்ளிச் சான்றிதழின்படி’ என்று இருந்தது. அதாவது வேலையில் சேர்ந்த அன்று தாத்தாவிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. சான்றிதழைப் பார்த்து எழுதிக்கொண்டார்கள். சரி, மரணச் சான்றிதழ்? அதில் தகவல் தந்தவர் என்ற இடத்தில் இருந்தது என் கையெழுத்து. தாத்தாவின் பழைய பணிக் காகிதங்களைப் பார்த்து வயதைச் சொன்னது நான்தான்.

ஆக, மூன்று சாட்சிகள் இல்லை. பள்ளிச் சான்றிதழ் என்ற ஒரே சாட்சி, மூன்று இடத்தில் வந்து நின்றிருக்கிறது. முரண்படும் ஆவணங்களைத் தீர்ப்பதில் தொடக்கக்காரர் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டியது இதைத்தான்: காகிதங்களை எண்ணக் கூடாது, அவற்றுக்குப் பின்னால் எத்தனை வாய்கள் இருக்கின்றன என்று எண்ண வேண்டும். இணையத்தில் ஒரே குடும்பத்துக்கு நாற்பது பேர் மரம் போட்டு, நாற்பதிலும் ஒரே தேதி இருந்தால் அசந்துபோக வேண்டாம். ஒருவர் எழுதியதை மற்ற முப்பத்தொன்பது பேரும் படி எடுத்திருப்பார்கள். முதல் ஆள் எதைப் பார்த்து எழுதினார் என்பதுதான் கேள்வி.

யார் சொன்னது, எப்போது சொன்னது

ஆவணம் எதுவும் தானாகப் பேசுவதில்லை. ஒருவர் சொல்ல, இன்னொருவர் எழுதியிருக்கிறார். சொன்னவருக்கு அது எப்படித் தெரியும்? நேரில் பார்த்தவரா, கேள்விப்பட்டவரா? நடந்த அன்றே சொன்னாரா, நாற்பது ஆண்டு கழித்தா? எழுதியவர் சொன்னதை அப்படியே எழுதினாரா, தனக்குக் காதில் விழுந்தபடி எழுதினாரா? இந்தக் கேள்விகளைக் கேட்டுப் பார்த்தாலே பாதி முரண்கள் தாமாகத் தளர்ந்துவிடும்.

இதில் பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. ஒரு ஆவணம் முழுவதையும் ‘நம்பகமானது’ என்றோ ‘நம்பத்தகாதது’ என்றோ ஒரே முத்திரை குத்திவிடுகிறார்கள். மரணச் சான்றிதழையே எடுத்துக்கொள்ளுங்கள். இறந்த நாள், இடம், காரணம் ஆகியவை அப்போது அருகில் இருந்தவர்களும் மருத்துவரும் சொன்னவை, பெரும்பாலும் உறுதியானவை. அதே தாளில் இரண்டு வரி தள்ளி இருக்கும் பிறந்த தேதியும் பெற்றோர் பெயரும்? துக்கத்தில் இருக்கும் மகனோ மருமகளோ நினைவிலிருந்து சொன்னவை. எண்பது ஆண்டுக்கு முன்னால் நடந்த பிறப்பை அவர்கள் பார்த்திருக்க முடியாது. ஒரே தாள், ஒரே மை, ஒரே கையெழுத்து. ஆனால் ஒரு வரிக்கு உள்ள எடை இன்னொரு வரிக்கு இல்லை. கல்லறைக் கல்லும் அப்படித்தான். கல்லில் செதுக்கிவிட்டால் உண்மையாகிவிடும் என்று ஒரு மயக்கம். அந்தக் கல் அடக்கம் நடந்து இருபது ஆண்டு கழித்து, பேரப்பிள்ளைகள் கையில் காசு சேர்ந்தபோது வைத்ததாகக்கூட இருக்கலாம்.

மூலமா, படியா என்பதும் பார்க்க வேண்டியது. நாம் இணையத்தில் தேடிக் கண்டுபிடிப்பவை பெரும்பாலும் அட்டவணைகள். பழைய கையெழுத்தை யாரோ படித்துத் தட்டச்சு செய்தவை. பழைய ஆங்கில எழுத்தில் ‘எஸ்’ ஒன்று ‘எஃப்’ போலவே நீண்டு நிற்கும். பழைய தமிழ்ச் சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது. காலும் ரகரமும் ஒன்றுபோல இருக்கும். படிப்பவர் சற்றுக் கண்ணயர்ந்தால் ஒரு பெயர் வேறு பெயராகிவிடும். ஆகவே இரண்டு ஆவணங்கள் மோதுகின்றன என்று தோன்றினால், அட்டவணையை மூடிவிட்டு மூலத்தின் படத்தைத் திறந்து பாருங்கள். மோதலே இல்லை, தட்டச்சுப் பிழைதான் என்று பல சமயம் தெரியவரும்.

தாத்தாவின் அப்பா எழுதிய நோட்டிலும் எனக்கு இந்தச் சிக்கல் வந்தது. நவம்பர் மாதம், 1919 என்பது தெளிவு. தேதி 1 போலவும் இருந்தது, 7 போலவும் இருந்தது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தும் பயனில்லை. ஆனால் பக்கத்திலேயே ‘வெள்ளி’ என்று கிழமை எழுதியிருந்தார். 1919 நவம்பர் 1 சனிக்கிழமை. 7ஆம் தேதி வெள்ளிக்கிழமை. அதோடு அந்த இலக்கச் சண்டை முடிந்தது. கூடவே இன்னொரு லாபம். 1921 நவம்பர் 7 திங்கட்கிழமை. ஆண்டைத் தவறாக நினைவுவைத்துப் பிற்காலத்தில் எழுதிய குறிப்பாக இருந்தால் கிழமை இவ்வளவு சரியாகப் பொருந்துவது அரிது. தேதியும் கிழமையும் சேர்ந்து கிடைக்கும் இடமெல்லாம் இந்தச் சோதனையைச் செய்து பாருங்கள். நாட்காட்டி பொய் சொல்லாது.

ஆனால் எந்த நாட்காட்டி என்று கேட்க வேண்டும்

1752க்கு முன்னால் இங்கிலாந்திலும் அதன் குடியேற்றங்களிலும் சட்டப்படி புத்தாண்டு மார்ச் 25 அன்றுதான் பிறந்தது. ஒரு தம்பதிக்கு 1730 மே மாதம் திருமணம், 1730 பிப்ரவரியில் குழந்தை என்று பதிவேடு சொன்னால் உடனே கதை கட்ட வேண்டாம். அந்தக் கணக்கில் மே மாதம் முதலில் வரும். பிப்ரவரி அதே ஆண்டின் கடைசியில் வரும். குழந்தை திருமணத்துக்கு ஒன்பது மாதம் பின்னால் பிறந்திருக்கிறது. நம் கணக்கில் அது 1731 பிப்ரவரி.

அதே 1752இல் ஜூலியன் நாட்காட்டியை விட்டு கிரிகோரியன் நாட்காட்டிக்கு மாறியபோது, செப்டம்பர் 2க்கு மறுநாள் செப்டம்பர் 14 ஆனது. அமெரிக்காவின் முதல் ஜனாதிபதி ஜார்ஜ் வாஷிங்டன் பிறந்தது பழைய கணக்கில் 1731 பிப்ரவரி 11. புதிய கணக்கில் 1732 பிப்ரவரி 22. இரண்டையும் இரண்டு ஆவணங்களில் பார்த்த ஒருவர் இரண்டு வாஷிங்டன்கள் என்று முடிவு கட்டினால் எப்படியிருக்கும்? ரஷ்யாவில் இந்த மாற்றம் 1918இல்தான் வந்தது. ஜனவரி 31க்கு அடுத்த நாள் பிப்ரவரி 14. நாட்டுக்கு நாடு ஆண்டு வேறு என்பதால், தேடும் இடம் எப்போது மாறியது என்று முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது.

முரண் போலத் தெரிந்து முரண் அல்லாதவை இன்னும் உண்டு. எனக்குப் பிடித்த உதாரணம் இங்கிலாந்தின் 1841ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. பதினைந்து வயதுக்கு மேற்பட்டவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதும்படி கணக்கெடுப்பாளர்களுக்குச் சொல்லியிருந்தார்கள். முப்பத்துநாலு வயதுக்காரரும் 30 என்றே பதிவாவார். ஒருவருக்கு 1841இல் வயது 30. 1851 கணக்கெடுப்பில் 43 என்று வைத்துக்கொள்வோம். பத்தாண்டில் பதின்மூன்று வயது கூடியிருக்கிறது. ஆள் வேறா? அவசரப்படாமல் கழித்துப் பாருங்கள். 1841 கணக்கெடுப்பு நாள் ஜூன் 6. 30 என்று எழுதியவருக்கு உண்மையில் 30 முதல் 34 வரை எந்த வயதும் இருக்கலாம். எனவே அவர் பிறந்தது 1806 ஜூனுக்கும் 1811 ஜூனுக்கும் இடையில். 1851 கணக்கெடுப்பு நாள் மார்ச் 30. 43 வயது என்றால் பிறந்தது 1807 மார்ச் இறுதிக்கும் 1808 மார்ச் இறுதிக்கும் இடையில். இரண்டாவது முதலாவதற்குள் அழகாக அடங்கிவிடுகிறது. முரணே இல்லை.

இதில் உள்ள பழக்கத்தைக் கவனியுங்கள். வயதைப் பார்த்ததும் ‘1811இல் பிறந்தார்’ என்று ஒரு புள்ளி வைக்காமல், ‘இந்த நாளிலிருந்து அந்த நாள் வரை’ என்று ஒரு கோடு போட வேண்டும். விதியே இல்லாத இடத்தில்கூட, தம் வயது சரியாகத் தெரியாதவர்கள் நாற்பது, ஐம்பது என்று முழு எண்ணாகச் சொல்வது உலகெங்கும் உண்டு.

சொன்னவருக்கு என்ன தேவை

தெரியாமல் தவறிச் சொல்வது ஒரு வகை. தெரிந்தே மாற்றிச் சொல்வது இன்னொரு வகை. பின்னதைக் கண்டுபிடிக்க, அந்தக் காகிதம் எதற்காக எழுதப்பட்டது என்று யோசிக்க வேண்டும். வயதைக் கூட்டிச் சொன்னால் லாபமா, குறைத்துச் சொன்னால் லாபமா?

முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் ராணுவத்தில் சேர 18 வயது ஆகியிருக்க வேண்டும். வெளிநாட்டுப் போர்முனைக்கு அனுப்ப 19. அதற்குக் குறைந்த பையன்கள் பலர் வயதைக் கூட்டிச் சொல்லிச் சேர்ந்தார்கள். ஓய்வூதியம் வேண்டுபவருக்கு வயது கூட வேண்டும். வேலையில் நீடிக்க வேண்டுபவருக்குக் குறைய வேண்டும். தன்னைவிட இளையவரை மணக்கும் பெண் பதிவேட்டில் இரண்டு வயதை விட்டுக்கொடுப்பதும் உண்டு. இங்கிலாந்தில் பிறப்பை 42 நாள்களுக்குள் பதிய வேண்டும் என்பது விதி. தாமதித்த பெற்றோர் சிலர் அபராதத்துக்குப் பயந்து, பிறந்த தேதியையே பின்னால் தள்ளிச் சொல்லிவிட்டார்கள். அதனால்தான் சில குழந்தைகளுக்குப் பிறப்புக்கு முந்திய தேதியில் ஞானஸ்நானம் நடந்ததாகப் பதிவுகள் காட்டுகின்றன. அங்கே அரசுப் பதிவை நம்புவதா, தேவாலயப் பதிவை நம்புவதா? பாதிரியாரிடம் தேதியை மாற்றிச் சொல்ல அந்தப் பெற்றோருக்குத் தேவை இல்லை. என் ஓட்டு பாதிரியாருக்கு.

என் தாத்தாவின் 1921க்கும் இப்படி ஒரு காரணம் இருந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். இரண்டு ஆண்டு தாமதமாகப் பள்ளியில் சேர்த்தவர்கள், வகுப்புக்கு ஏற்ற வயதைச் சொல்லியிருப்பார்கள். ஊகம் என்பதை ஊகம் என்றே எழுதிவைத்திருக்கிறேன்.

பெயரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எழுத்துக் கூட்டல் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற எண்ணமே அண்மைக் காலத்தது. ஒரே ஆள் நாலு ஆவணத்தில் நாலு விதமாக எழுதப்பட்டிருப்பார். உரக்கப் படித்துப் பாருங்கள், ஒலி ஒன்றாக இருந்தால் போதும். நியூயார்க்கின் எல்லிஸ் தீவில் அதிகாரிகள் குடியேறிகளின் பெயர்களை இஷ்டத்துக்கு மாற்றினார்கள் என்ற கதையை மட்டும் விட்டுவிடுங்கள். அங்கிருந்தவர்கள் கப்பல் புறப்பட்ட துறைமுகத்தில் தயாரான பட்டியலை வைத்துத்தான் சரிபார்த்தார்கள். பெயரை மாற்றிக்கொண்டவர்கள் பெரும்பாலும் குடியேறிகளே, பின்னால், தம் வசதிக்காக.

ஒருவரா, இருவரா

இத்தனை நேரம் ஆவணங்கள் ஒரே ஆளைப் பற்றியவை என்று வைத்துக்கொண்டு பேசினோம். மிகப் பெரிய தவறுகள் நடப்பது அந்த இடத்தில்தான். மரத்தில் ஒருவருக்கு மூன்று மனைவிகள், இரண்டு தொழில், நாற்பது மைல் இடைவெளியில் ஒரே மாதத்தில் இரண்டு குழந்தைகள் என்று குவிந்தால், அவர் அதிசயப் பிறவி அல்லர். ஒரே பெயருள்ள இரண்டு பேரை நாம் ஒருவராக்கி வைத்திருக்கிறோம்.

இறந்த குழந்தையின் பெயரை அடுத்துப் பிறந்த குழந்தைக்கு வைப்பது பல சமூகங்களில் சாதாரணம். அந்தக் குடும்பங்களில் 1861இல் பிறந்தவரும் 1864இல் பிறந்தவரும் ஒரே பெயரில் இருப்பார்கள். முதல் குழந்தையின் இறப்புப் பதிவைத் தேடாமல் விட்டால் அது மூன்றாண்டு முரணாகத் தெரியும். பழைய ஆங்கிலப் பதிவேடுகளில் ‘சீனியர்’, ‘ஜூனியர்’ என்று இருந்தால் அப்பா மகன் என்று பாய்ந்துவிடக் கூடாது. ஊரில் ஒரே பெயருள்ள இருவரில் மூத்தவர், இளையவர் என்று மட்டுமே அது பொருள்பட்டதும் உண்டு. ‘கசின்’ என்ற சொல் இன்னும் மோசம். சித்தப்பா மகனையும் மாமன் மகனையும் அத்தை மகளையும் பிரித்துப் பேசிப் பழகிய நமக்கு அந்த ஒற்றைச் சொல் ஒன்றுமே சொல்வதில்லை. போதாததற்கு, பழைய உயில்களில் அண்ணன் மகனைக்கூட அப்படி எழுதியிருப்பார்கள்.

இரண்டு பேரைப் பிரிக்கப் பெயர் உதவாது. பெயரைச் சுற்றி இருப்பவைதான் உதவும்: மனைவி பெயர், தொழில், நிலத்தின் எல்லையில் குறிப்பிடப்படும் அயலார், பத்திரத்தில் சாட்சி போட்டவர்கள். ஒருவர் எல்லாப் பத்திரத்திலும் தெளிவாகக் கையெழுத்துப் போடுகிறார். அதே பெயருள்ளவர் அதே ஆண்டுகளில் கைநாட்டு வைக்கிறார். ஆள் இருவர். நான் செய்வது இதுதான்: ஒரு பெரிய தாளில் ஆண்டு வாரியாக ஒவ்வொரு பதிவையும் எழுதி, எதிரே இடம், உடன் இருந்தவர்கள், கையெழுத்தா கைநாட்டா என்று குறிப்பேன். முதலில் ஒரே கொத்தாகக் கிடப்பவை பத்துப் பதினைந்து வரிக்குள் இரண்டு வரிசையாகப் பிரியத் தொடங்கிவிடும். கணினியில் செய்தாலும் சரிதான். எனக்குத் தாளில்தான் கண் ஓடுகிறது.

மரபணுப் பரிசோதனை எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு பெற்றோரை மட்டும் பகிரும் உடன்பிறப்புகளுக்கிடையே மரபணுவில் சுமார் 25 சதவீதம் ஒன்றாக இருக்கும். தாத்தாவுக்கும் பேரனுக்கும் இடையிலும் அவ்வளவுதான். உறவு உண்டா என்று அது சொல்லும். என்ன உறவு என்று சொல்ல மறுபடியும் காகிதத்துக்குத்தான் வர வேண்டும்.

காகிதமே கிடைக்காவிட்டால், ஆள் அங்கே இல்லை என்று முடிவு கட்டும் முன் பதிவேடு பிழைத்திருக்கிறதா என்று பாருங்கள். அமெரிக்காவின் 1890ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின் பெரும்பகுதி, 1921 ஜனவரியில் வாஷிங்டனில் நடந்த தீ விபத்தைத் தொடர்ந்து இல்லாமலே போய்விட்டது. அதில் உங்கள் முன்னோரைக் காணோம் என்பதற்கு எந்தப் பொருளும் இல்லை.

அமெரிக்காவில் வம்சாவளி ஆய்வாளர்களுக்குச் சான்றளிக்கும் வாரியம் ஒன்று 1964 முதல் இயங்குகிறது. அது வகுத்துள்ள நிரூபண அளவுகோலில் ஐந்து கூறுகள். முரண்படும் சான்றுகளைத் தீர்த்துவைப்பது அவற்றில் ஒன்று, எட்டிய முடிவைக் காரணத்தோடு எழுதிவைப்பது இன்னொன்று. முதலாவதைச் செய்துவிட்டு இரண்டாவதைச் சோம்பலால் விட்டவர்கள் பலர், நான் உட்பட. தள்ளிவிட்ட ஆவணத்தையும் ஏன் தள்ளினோம் என்பதோடு எழுதிவைக்க வேண்டும். இல்லாவிட்டால் பத்தாண்டு கழித்து ஒரு தம்பி மகன் அதே 1921ஐக் கண்டுபிடித்து, பெரியப்பா கோட்டைவிட்டுவிட்டார் என்று திருத்திவிடுவான்.

இப்போது என் மரத்தில் தாத்தாவுக்கு எதிரே 1919 நவம்பர் 7 என்று இருக்கிறது. கீழே அரைப் பக்கக் குறிப்பு. அதை முடிக்கும் முன், உயிரோடு இருக்கும் ஒரே சாட்சியான அத்தையிடம் போனேன். உங்கள் அப்பா எந்த வருடம் பிறந்தார் என்று கேட்டேன். வருடமெல்லாம் தெரியாது, பெரிய சண்டை முடிந்து மறு வருடம் கார்த்திகை பிறக்கப் போகிற சமயத்தில் பிறந்ததாகப் பாட்டி சொல்வார்கள் என்றார். போர் ஓய்ந்தது 1918 நவம்பரில். மறு வருடம் 1919. பாட்டி என்று அத்தை சொன்னது தாத்தாவைப் பெற்றவரை.

எனக்குச் சந்தேகம் விடவில்லை. நோட்டை எப்போதோ பார்த்த நினைவில் சொல்கிறாரோ? அப்படியென்றால் இதுவும் அதே வாய்தான்.

“அத்தை, தாத்தாவோட அப்பா எழுதி வைத்திருந்த நோட்டை நீங்கள் படித்திருக்கிறீர்களா?”

அத்தை வெற்றுப் பார்வை பார்த்தார். “எந்த நோட்டு?”